அம்மா மலைக்குப் போகிற வீட்டில் பிள்ளைக்குச் சாப்பாட்டுப் பழக்கம்

போடிநாயக்கனூர், தேவாரம் வட்டாரத்தில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்களுக்குப் பொழுது இருட்டிலேயே தொடங்கிவிடும். உலை வைத்து, தூக்குவாளியில் சோற்றை எடுத்துக்கொண்டு, ஜீப் பிடித்து, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் போய்ச் சேர வேண்டும். காய் எடுத்துவிட்டுத் திரும்ப மாலையாகிவிடும். பகல் முழுக்கப் பிள்ளை பள்ளிக்கூடத்தின் பொறுப்பு, அப்பத்தாவின் பொறுப்பு, கொஞ்சம் பெட்டிக்கடையின் பொறுப்பு. இப்படிப்பட்ட வீட்டில் "பக்கத்தில் உட்கார்ந்து பக்குவமாக ஊட்டுங்கள்" என்கிற யோசனை செல்லாது. யார் வீட்டில் இருந்தாலும் மாறாத சில வழக்கங்கள்தான் கைகொடுக்கும். அவற்றை ஏற்படுத்தும் வழி இதோ.

1. பள்ளியில் கிடைப்பதைக் கணக்கெடுங்கள்

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்தது. 1 முதல் 5ஆம் வகுப்பு வரை உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைக்கு ஒன்றாகக் கிடைக்கிறது. மதியச் சத்துணவில் முட்டை உண்டு. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். ஆக, பள்ளி நாளில் உங்கள் கையில் இருப்பது மாலைத் தீனியும் இரவுச் சாப்பாடும். பள்ளியில் குறைகிற கீரை, காய், பழம், கேப்பை ஆகியவற்றை இந்த இரண்டு வேளைக்குள் கொண்டுவந்தால் போதும். பள்ளியில் இன்றைக்கு என்ன போட்டார்கள் என்று தினமும் கேளுங்கள். தட்டில் எதை மிச்சம் வைத்தான் என்பதும் அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிடும்.

2. நேரம் உங்களுடையது, அளவு பிள்ளையுடையது

என்ன சமைப்பது, எப்போது பரிமாறுவது என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும். எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளையின் வயிறு முடிவு செய்யட்டும். முதலில் கொஞ்சமாக வையுங்கள். கேட்டால் மறுபடி போடுங்கள். கிண்ணத்தோடு தெருவெல்லாம் துரத்துவதும், செல்போனைக் காட்டி வாயில் திணிப்பதும் பசி அடங்கியதை உணரும் பழக்கத்தையே கெடுத்துவிடும். விடுமுறை நாளில் அப்பத்தா இப்படிச் சொன்னால் போதும்: "வேணாம்னா எந்திரிச்சிரு ராசா. அடுத்து நாலு மணிக்குத்தேன்." சொன்ன பிறகு இடையில் பிஸ்கட் நீட்டாமல் இருப்பதுதான் முக்கியம்.

3. மாலைப் பாக்கெட்டுக்கு மாற்று வையுங்கள்

நாள் முழுக்கப் பிள்ளையைப் பிரிந்திருந்த மனசு, ஜீப்பை விட்டு இறங்கியதும் பெட்டிக்கடையில் ஒரு பாக்கெட் வாங்கச் சொல்லும். பிள்ளைக்கு ஏதாவது வாங்கி வருகிற அந்த வழக்கத்தை நிறுத்த வேண்டாம். வாங்குகிற பொருளை மாற்றுங்கள். கொய்யா, வாழைப்பழம், அவித்த கடலை, கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சை என எத்தனையோ இருக்கின்றன. காலையில் ஒரு கைப்பிடி கொண்டைக்கடலையை ஊறப் போட்டுவிட்டுக் கிளம்பினால், மாலையில் அப்பத்தா அவித்துத் தாளித்துவிடுவார். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் கடலையை முழுசாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும், மசித்துக் கொடுங்கள். திராட்சையை நீளவாக்கில் நறுக்குங்கள்.

பாக்கெட் தீனிக்கு வாரத்தில் ஒரு நாள் ஒதுக்குங்கள். அன்றைக்குப் பின்பக்கச் சேர்மானப் பட்டியலைப் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். எது அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் இருக்க வேண்டும் என்பது விதி. முதல் பெயரே சர்க்கரை என்றால் பிள்ளைக்கே புரிந்துவிடும்.

4. முருங்கைக்கீரையைப் பிள்ளை கையில் கொடுங்கள்

தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் சுமார் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அதற்குக் கைகொடுக்கும் முருங்கைக்கீரைக்கு இங்கே பஞ்சமில்லை. நம் மாவட்டத்துப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய பி.கே.எம்.1 முருங்கை ஊரெல்லாம் பரவிவிட்டது. வீட்டில் கீரை ஆய நேரமில்லை என்பதுதான் சிக்கல். அதற்கு ஒரு வழி உண்டு. இரவில் இணுக்கோடு கீரையை ஒரு பருத்தித் துணியில் இறுக்கிச் சுற்றி வைத்துவிடுங்கள். காலையில் உதறினால் இலை பெரும்பாலும் தானே உதிர்ந்திருக்கும். மிச்ச இணுக்கைப் பொறுக்குவது பிள்ளையின் வேலை. இரவில் அந்தக் கீரையைக் கேப்பை மாவோடு வெங்காயம் சேர்த்துப் பிசைந்து அடையாகத் தட்டுங்கள். 100 கிராம் கேப்பையில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. தான் ஆய்ந்த கீரை என்றால் பிள்ளை ஒரு வாயாவது ருசி பார்க்கும்.

5. பிடிக்காத காயை விட்டுவிடாதீர்கள்

சௌசௌவை ஒருமுறை துப்பினான் என்பதற்காக அதை வாங்குவதையே நிறுத்த வேண்டாம். புது ருசி பழக எட்டு, பத்து முறை, சில பிள்ளைகளுக்கு அதற்கு மேலும் ஆகும். தெரிந்த சோற்றுக்குப் பக்கத்தில் இரண்டு துண்டு வையுங்கள். தொடாவிட்டால் பேசாமல் எடுத்துவிடுங்கள். அடுத்த வாரம் கூட்டாக இல்லாமல் பொரியலாக வையுங்கள். "காயைத் தின்னா மிட்டாய்" என்று பேரம் பேசினால் காய் தண்டனை, மிட்டாய் பரிசு என்றே மனதில் பதியும்.

6. டீயைச் சாப்பாட்டோடு சேர்க்காதீர்கள்

மலைக்குளிருக்குப் பெரியவர்கள் கட்டஞ்சாயா (பால் சேர்க்காத டீ) குடித்துப் பழகியவர்கள். பிள்ளைக்கும் ஒரு டம்ளர் போய்விடுகிறது. தேயிலையில் உள்ள டானின், உணவின் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்று ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி பெரியவர்களையே எச்சரிக்கிறது. பிள்ளைக்கு ஏலக்காய் தட்டிப் போட்ட பால் போதும். சுண்டல், கீரையில் எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

7. இரவு ஒருவேளையாவது சேர்ந்து சாப்பிடுங்கள்

எல்லாரும் கூடுவது இரவில்தான். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு ஒரே சமையலை எல்லாரும் சாப்பிடுங்கள். அப்பா கீரையை ஒதுக்கினால் மகனும் ஒதுக்குவான்.

இந்த ஏழு வழக்கங்களையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். முதல் இரண்டு வாரம் மாலைத் தீனியை மட்டும் மாற்றுங்கள். அது சரியானால் இரவுப் பசி தானே ஒழுங்குக்கு வரும். பிறகு கீரை, அதன்பின் புதுக் காய். பிள்ளை எடை கூடாமலோ, வெளிறியோ, எப்போதும் சோர்ந்தோ இருந்தால் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி ரத்தம் பாருங்கள்.