பழைய துணியிலிருந்து புதிய நார்: பல்கலைக்கழகமும் கைத்தொழிலும் இணைந்த ஓர் ஆய்வு



"பல்கலைக்கழகம் கண்டுபிடிக்கும், கம்பனி விற்கும்." பல்கலைக்கழகமும் கைத்தொழிலும் இணைந்து செயற்படுவதை விளக்குக என்ற வினாவுக்குப் பலர் இந்த ஒரு வரியுடன் நிறுத்திவிடுகின்றனர். இதற்கு முழுப் புள்ளி கிடைக்காது. ஆய்வுகூடத்திற்கும் சந்தைக்கும் இடையே நீண்ட தூரம் உண்டு. அதனைச் சுவீடன் நாட்டின் ஓர் உதாரணம் மூலம் விளங்கிக் கொள்வோம். ஆடையே எமது நாட்டின் முதன்மையான கைத்தொழில் ஏற்றுமதியாதலால் இப்பாடம் எமக்கும் நெருக்கமானது.

1. பிரச்சினை யாது?

பருத்தி ஓர் இயற்கை நார். அதன் பிரதான கூறு செலுலோசு. "இயற்கையானது, ஆகவே சூழலுக்குத் தீங்கற்றது" என முடிவு செய்துவிடாதீர்கள். பருத்திச் செய்கைக்கு மிகுந்த நீர் தேவை. மத்திய ஆசியாவில் 1960 களிலிருந்து அமு தாரியா, சிர் தாரியா ஆகிய ஆறுகளின் நீர் பெருமளவில் பருத்தி வயல்களுக்குத் திருப்பப்பட்டது. அதனால் ஏரல் கடலின் பெரும்பகுதி வற்றிப்போயிற்று.

அப்படியாயின் பழைய பருத்தித் துணியையே மீண்டும் நூலாக்கினால் என்ன? இயந்திரத்தால் கிழித்து நூற்கும்போது நார்கள் குறுகிவிடும். நார் குறுகினால் நூல் வலுவிழக்கும். ஆகவே பெரும்பாலும் புதிய நாரைக் கலக்க வேண்டியுள்ளது. இத்தடையைத் தாண்டவே இரசாயன முறை தேவைப்பட்டது.

2. ஆய்வுகூடத்திலிருந்து ஆலை வரை

ஸ்டொக்ஹோமிலுள்ள கே.ரி.எச். அரச தொழினுட்ப நிறுவகம் ஒரு பல்கலைக்கழகமாகும். அங்கு செலுலோசு பற்றி நடந்த ஆய்வின் அடிப்படையில் 2012 இல் ரினியூசெல் என்னும் கம்பனி தோன்றியது. பின்வரும் படிகளை ஒழுங்காக மனதிற் கொள்க.

2014: இம்முறையில் மீள்சுழற்சி செய்த பருத்தியிலிருந்து ஒரு மஞ்சள் நிற ஆடை தைத்துக் காட்டப்பட்டது.
2017: எச் அன்ட் எம் என்னும் ஆடை விற்பனைக் கம்பனி இதில் முதலீடு செய்தது. கிறிஸ்ரினேஹம் நகரில் இயங்கிய சிறிய ஆலையில் இம்முறை பரீட்சிக்கப்பட்டது.
2022: சுண்ட்ஸ்வால் நகரில், முன்னர் கடதாசி ஆலை இருந்த இடத்தில், ஆண்டுக்கு 60,000 தொன் கொள்ளளவுடன் பெரிய ஆலை திறக்கப்பட்டது.

3. செய்முறை

(அ) பொத்தான், சிப் போன்றவை அகற்றப்பட்டுத் துணி துண்டாக்கப்படும்.
(ஆ) சாயம் நீக்கப்பட்டுத் துணி கூழாக்கப்படும்.
(இ) பொலியெஸ்டர் போன்ற வேறு பொருள்கள் பிரிக்கப்படும்.
(ஈ) எஞ்சும் செலுலோசு தாள்களாக உலர்த்தப்படும். இதன் வர்த்தகப் பெயர் சர்க்குலோஸ்.
(உ) இத்தாளை வாங்கும் நார் உற்பத்தியாளர் அதைக் கரைத்து, விஸ்கோசு போன்ற நாராக இழுப்பர்.

கவனிக்க: இவ்வாலை நாரையோ துணியையோ செய்யவில்லை. நாருக்கான மூலப்பொருளையே செய்தது. வழக்கமாக விஸ்கோசுக்கு மரக்கூழ் பயன்படும். மரக்கூழின் இடத்தைப் பழைய துணி பிடிப்பதே இங்குள்ள புதுமை.

4. பின்னடைவு ஏன்?

2024 பெப்ரவரியில் ரினியூசெல் வங்குரோத்து நிலையை அறிவித்தது. இரசாயன முறை தோல்வியடையவில்லை. எதிர்பார்த்த அளவுக்குக் கட்டளைகள் வரவில்லை, தொடர்ந்து இயங்கத் தேவையான நிதியையும் திரட்ட முடியவில்லை.

கூழை நார் ஆலை வாங்க வேண்டும். நாரை நூற்பாலையும், நூலை நெசவாலையும், துணியை ஆடைத் தொழிற்சாலையும் வாங்க வேண்டும். இறுதியாக வர்த்தகப் பெயர் கொண்ட கம்பனி ஆடையை வாங்க வேண்டும். மரக்கூழை விடப் புதிய கூழின் விலை கூடுதலாயின், அந்த மேலதிகச் செலவை யாராவது ஏற்க வேண்டும். "நல்ல முயற்சி" எனப் பாராட்டினால் மட்டும் ஆலை ஓடாது. நிச்சயமான கட்டளை வேண்டும்.

2024 யூனில் அல்ட்டோர் என்னும் முதலீட்டு நிறுவனம் இதனை வாங்கியது. கம்பனிக்கும் சர்க்குலோஸ் என்ற பெயரே சூட்டப்பட்டது. எனவே ஒரு கம்பனி வீழ்ந்தாலும் அறிவு அழிந்துவிடவில்லை என எழுதலாம்.

5. ஒப்பிட ஓர் உதாரணம்

பின்லாந்தில் ஆல்ட்டோ பல்கலைக்கழகமும் ஹெல்சிங்கி பல்கலைக்கழகமும் இணைந்து அயன்செல் என்னும் முறையை உருவாக்கின. விஸ்கோசு உற்பத்தியில் நச்சுத்தன்மையுள்ள காபனிருசல்பைட்டு பயன்படும். அயன்செல் முறையில் அதற்குப் பதிலாக அயன் திரவம் செலுலோசைக் கரைக்கிறது. 2018 சுதந்திர தின வரவேற்பில் அந்நாட்டு ஜனாதிபதியின் பாரியார் அணிந்த ஆடை, பேர்ச் மரத்திலிருந்து இம்முறையில் பெற்ற நாரால் ஆனது. ஆனால் ஓர் ஆடை செய்வது வேறு, ஆயிரக்கணக்கான தொன் நார் செய்வது வேறு. இந்த வேறுபாட்டை விடையில் காட்டத் தவறாதீர்கள்.

6. மாதிரி வினா

பேண்தகு நார் உற்பத்தியில் பல்கலைக்கழகத்தினதும் கைத்தொழிலினதும் பங்கை உதாரணத்துடன் விளக்குக. (10 புள்ளிகள்)

விடைக் குறிப்பு:
• பல்கலைக்கழகம்: அடிப்படை ஆய்வு, பயிற்றப்பட்ட ஆய்வாளர்கள் (2)
• கைத்தொழில்: முதலீடு, பரீட்சார்த்த ஆலை, பாரிய உற்பத்தி (2)
• கொள்வனவாளர்: நிச்சயமான கட்டளை, மேலதிக விலையை ஏற்றல் (2)
• பொருத்தமான உதாரணம், ஆண்டுகளுடன் (2)
• இணைப்பு அறுந்தால் ஏற்படும் விளைவு (2)

இறுதி இரு புள்ளிகளே பலர் தவறவிடுபவை. வெற்றியை மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிடாதீர்கள். எந்த இடத்தில் சங்கிலி அறுந்தது, ஏன் அறுந்தது என்பதையும் இரண்டு வசனங்களில் எழுதுங்கள். பாடத்தை விளங்கிப் படித்தவர் என்பதை அதுவே பரீட்சகருக்குக் காட்டும்.