விருந்தினரா, வீட்டாரா?

சத்சங்கத்திற்குப் புதிதாக வருபவரை நாம் அன்புடன் வரவேற்கிறோம். ஆனால் அவர் மறுமுறை வந்தாரா என்று எண்ணிப் பார்க்கிறோமா?

சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், நான் நடத்திவந்த உபநிடத வகுப்புக்கு ஓர் இளைஞர் வந்து முன்வரிசையில் அமர்ந்தார். 'அது ஒரு பெரியவர் வழக்கமாக அமரும் இடம்' என்று யாரோ மெல்லக் கூற, அவர் எழுந்து கதவோரம் சென்று அமர்ந்தார். எல்லா உயிர்களிலும் உறைவது ஒரே ஆன்மா என்பதே அன்றைய பாடம்! நடந்ததைக் கண்டும் நான் வாளாவிருந்தேன். அவர் பிறகு வரவேயில்லை.

'அதிதி' என்ற சொல்லுக்கு, திதி குறிக்காமல் வருபவர் என்று மரபில் பொருள் கூறுவர். அவரைத் தெய்வமாகப் போற்றும்படி தைத்திரீய உபநிடதம் கற்பிக்கிறது. ஆனால் அதிதி விடைபெற்றுச் செல்பவர். புதிய சாதகரோ தங்க விரும்பி வருபவர். உபசாரம் மட்டும் அவருக்குப் போதாது. அவருக்கென ஓர் இடமும், செய்வதற்கு ஒரு பணியும் வேண்டும்.

இதைச் சீக்கியர்களின் 'லங்கர்' என்னும் பொது உணவுக்கூடத்தில் கண்கூடாகக் காணலாம். குருநானக் (1469–1539) தொடங்கிய இம்மரபை மூன்றாம் குருவான அமர்தாஸ் கோயிந்த்வாலில் நிலைபெறச் செய்தார். தம்மைக் காண வருவோர் முதலில் எல்லோருடனும் வரிசையில் அமர்ந்து உண்ண வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. பேரரசர் அக்பரும் அவ்வாறே உண்டார் என்பது சீக்கியர் மரபு.

அமிர்தசரஸ் பொற்கோயிலுக்கு நான்கு திசைகளிலும் வாயில்கள் உண்டு. அங்கே தலையை மூடிச் செல்வது விதி. துணியின்றி வருபவருக்கென வாயிலிலேயே துணிகள் வைத்திருக்கிறார்கள். விதி தளர்வதில்லை, அதை அறியாதவர் தலைகுனிய நேர்வதுமில்லை. உணவுக்கூடத்தில் சாதியோ மதமோ கேட்கப்படுவதில்லை. அனைவரும் தரையில் அமர்கின்றனர். இரு கைகளையும் ஏந்தி ரொட்டி பெறும் முறையை, புதியவர் அருகிலிருப்பவரைப் பார்த்தே கற்றுக்கொள்கிறார். உண்டபின், விரும்பினால், அவரும் பாத்திரம் துலக்கலாம், ரொட்டி இடலாம். சற்றுமுன் உண்டவர் இப்போது பிறரை உண்பிக்கிறார். விருந்தினர் வீட்டாராகிவிட்டார்!

நம் கூட்டங்களில் இதற்குத் தடையாக இருப்பது எது? 'நான் இங்கு மூத்தவன்' என்னும் நுட்பமான அகங்காரமே. பொருளாசையைத் துறந்தவரிடமும் அது ஓர் இருக்கையின் வடிவில் ஒளிந்திருக்கக்கூடும். எனவே, புதியவரை வரவேற்பது வெறும் நாகரிகம் அன்று. அது பழையவர்களுக்கான சாதனை.

அதை எளிதாகவே தொடங்கலாம். புதியவரின் அருகில் சென்று அமருங்கள். ஓதும்போது அவருக்குப் பக்கத்தை எடுத்துக் கொடுங்கள். நமக்குப் பழகிப்போன சொற்களை அவருக்கு விளக்குங்கள். அவரது பூர்விகத்தைத் துருவிக் கேட்காதீர்கள். வகுப்பு முடிந்ததும், 'இந்தப் பாயைச் சுருட்ட ஒரு கை கொடுக்கிறீர்களா?' என்று கேளுங்கள். அடுத்த வாரம் அவர் வந்தால், நீங்கள் வழக்கமாக அமரும் இடத்தை அவருக்கு அளியுங்கள்.

அன்று அந்த இளைஞருக்காக நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால், அதுவே அன்றைய பாடத்தின் மெய்யான விளக்கமாக இருந்திருக்கும்.