வீட்டு லாச்சியில் தொடங்குங்கள்

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் மர்மக்கதை ஒன்று எழுதித் தாருங்கள் என்று கேட்டால், முதலில் வருவது புதைத்த தங்கம். காடு, இரவு, மண்வெட்டி, பிக்கப்பில் வந்து இறங்கும் அந்நியர்கள். அவர்களையும் குறை சொல்ல ஏலாது. முல்லைத்தீவுப் பக்கம் தங்கம் தேடித் தோண்டினார்கள் என்ற செய்தியைப் பத்திரிகையில் அடிக்கடி பார்த்து வளர்ந்தவர்கள். எனக்கு அலுப்புத் தருவது தங்கம் அல்ல, அந்தக் கதைகளில் வீடே இல்லாததுதான். பதினைந்து வயதுப் பிள்ளை சாமத்தில் காட்டுக்குள் நிற்கிறது. தாய் தேடமாட்டாளா என்று ஒருவரும் கேட்பதில்லை.

நெளுக்குளத்தில் இருந்துகொண்டு இளையோருக்கு மர்மக்கதை எழுதுகிறேன். எழுத ஆசைப்படும் பிள்ளைகளோடு உட்கார்ந்து அவர்களுடைய கதைகளையும் வாசிக்கிறேன். இத்தனை காலத்தில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: எங்கள் ஊரில் துப்புத் துலக்க வேண்டிய இடம் வீடு. மறைத்தவர் வில்லனாக இருக்கத் தேவையில்லை. பெரும்பாலும் அவர் அம்மா, அல்லது அம்மம்மா. பிள்ளைக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்ற பயத்தில் மறைத்தவர்.

எங்கே தேடுவது? கடதாசியில். எத்தனை தரம் இடம்பெயர்ந்தாலும் பாத்திரத்தை விட்டோம், ஆட்டை மாட்டை விட்டோம், கடதாசிப் பையை மட்டும் விடவில்லை. வன்னியில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் அப்படி ஒரு பை அலுமாரியிலோ லாச்சியிலோ இருக்கும். பள்ளிக்கூட விடுகைப் பத்திரம், காலம் பிந்திப் பதிந்த பிறப்புச் சான்றிதழ், செஞ்சிலுவைச் சங்கம் கொண்டுவந்து தந்த கடிதம், தொண்ணூறுகளில் வவுனியாவில் நிற்பதற்கும் கொழும்புக்குப் போவதற்கும் வரிசையில் நின்று வாங்கிய பாஸ் துண்டு. விடுகைப் பத்திரத்தை மட்டும் ஒழுங்காக வாசித்தாலே அம்மா எந்த ஊர்களில் எத்தனை மாதம் இருந்தாள் என்று தெரிந்துவிடும். அவள் வாயால் சொன்ன கதையில் ஒரு வருடம் குறைகிறதென்றால், கதை அங்கேதான் கிடக்கிறது.

எனக்கு மிகவும் கைகொடுத்த துப்பு பழைய அடையாள அட்டை. ஒரு கதையில் பிள்ளையின் கையில் அப்படி ஒன்றைக் கொடுத்தேன். ஈரம் இறங்கிப் படமும் பெயரும் அழிந்துவிட்டன. மிஞ்சியது இலக்கம் மட்டும். 69615 என்று தொடங்குகிறது. பழைய ஒன்பது இலக்க அட்டையில் முதல் இரண்டும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்ற கணக்கு. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள். ஆகவே 615 இல் 500 போனால் 115, ஏப்ரல் 24. அதாவது 1969 ஏப்ரல் 24 இல் பிறந்த ஒரு பெண். அம்மாவுக்கு ஒரேயொரு தம்பி, வேறு சகோதரம் இல்லை என்று சொல்லி வளர்த்த வீட்டில் இந்தப் பெண் யார்?

இதைக் கண்டுபிடிக்கப் பொலிஸ் மாமா வேண்டாம், இணையத்தைக் குடையும் நண்பன் வேண்டாம். பிள்ளை தானே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிறாள். 2016 முதல் வரும் பன்னிரண்டு இலக்க அட்டையிலும் வருடம் முழுதாக நான்கு இலக்கத்தில் இருக்கிறதே தவிர, நாள் கணக்கு அதேதான். சாதாரண தரச் சோதினைக்காக முதல் அட்டையை எடுத்திருக்கும் வாசகர்கள் கதையை மூடிவைத்துவிட்டுத் தங்கள் இலக்கத்தைச் சரிபார்ப்பதைப் பார்த்திருக்கிறேன். வாசகரின் சட்டைப்பைக்குள்ளேயே துப்பை வைக்க முடிந்தால் அதைவிட வேறென்ன வேண்டும்!

ரகசியம் என்றதும் யுத்தம் என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள். அதுவும் ஒரு பழக்கதோசம். வவுனியாவைச் சுற்றியுள்ள குடியேற்றங்களில் 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வேரூன்றிய குடும்பங்கள் ஏராளம். காந்தியம் அமைப்பு அவர்களைக் குடியமர்த்தியது. அதை நடத்திய டொக்டர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் 1983 இல் கைதாகி, இராஜசுந்தரம் அதே வருடம் ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். இவ்வளவும் எழுதப்பட்ட வரலாறு. எழுதப்படாதது வீட்டுக்குள் நடந்தது: பள்ளிக்கூடத்தில் பிள்ளையை யாரும் பட்டம் சொல்லி நக்கலடிக்கக் கூடாது, நாளைக்குக் கலியாணப் பேச்சில் இழுபடக் கூடாது என்று, பிறந்த தோட்டத்தின் பெயரை விழுங்கிவிட்ட பாட்டிகள். ஒரு பழைய பிரஜாவுரிமைப் பத்திரம் வெளியே வரும்போது பேத்திக்குத் தெரியவருவது பாட்டியின் ஊர் மட்டுமா? தன்னைச் சுற்றியிருக்கும் நல்ல மனிதர்களின் வாயில் என்னென்ன சொற்கள் சாதாரணமாகப் புழங்குகின்றன என்பதும்தான். அன்றைக்கு அவள் வளர்ந்துவிடுகிறாள். துப்பறிவது பாதி வேலை. தெரிந்ததை வைத்துக்கொண்டு மறுநாள் வகுப்பில் போய் இருப்பதுதான் மற்றப் பாதி.

கொலை இல்லாமல் மர்மம் நிற்குமா என்று கேட்பவர்களுக்கு சியாம் செல்வதுரையின் 'ஸ்விம்மிங் இன் த மொன்சூன் சீ' நாவலைச் சொல்வேன். 2005 இல் வந்தது. கதை 1980 கொழும்பில் நடக்கிறது. பெற்றோரை இழந்து, தாயின் தோழி வீட்டில் வளரும் பதினான்கு வயது அம்ரித். கனடாவிலிருந்து வந்து நிற்கிறான் அவன் அறியாத ஒரு மச்சான். தன் வீட்டாரைப் பற்றித் தனக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்பதே அந்தப் பையனுக்குப் போதுமான மர்மம்.

இனிப் பேச்சு. எங்கள் வீடுகளில் பெரியவர்கள் பொய் சொல்வது குறைவு, கேள்வியைத் திருப்பிவிடுவார்கள்.

“ஆரம்மா இது?”

“எங்கையிருந்து எடுத்தனி?”

“லாச்சிக்கை கிடந்தது.”

“எடுத்த இடத்திலை வை. சோதினை முடியட்டும்.”

இதற்குமேல் ஒரு வரியும் தேவையில்லை. ‘சோதினை முடியட்டும்’ என்பது எங்கள் ஊரில் எல்லா உண்மைகளுக்கும் போடும் பூட்டு. கதைக்கு அது நல்ல காலக்கெடுவும்கூட. அம்மா ஒரு பக்கம் நாளை இழுக்கிறாள், பிள்ளை மறுபக்கம் அவசரப்படுகிறாள். அம்மா திடீரென்று கட்டிலில் உட்கார்ந்து மூன்று பக்கத்துக்கு எல்லாவற்றையும் சொல்லி அழுகிற அத்தியாயத்தைத் தயவுசெய்து எழுதாதீர்கள். உண்மை எங்கள் வீடுகளில் அப்படி வருவதில்லை. செத்தவீட்டில் கூடியிருக்கும்போது ஒரு மாமி வாய்தவறிச் சொல்வாள், அல்லது வெளிநாட்டிலிருந்து வந்த பெரியப்பா இதெல்லாம் பிள்ளைக்குத் தெரியும் என்று நினைத்துப் பேசத் தொடங்குவார்.

நடமாட்டமும் முக்கியம். வெளிநாட்டு இளையோர் நாவல்களில் துப்பறியும் பிள்ளைக்குக் கார் இருக்கிறது, இரவு இருக்கிறது. எங்கள் பெண்பிள்ளைக்கு இருப்பது சைக்கிளும் ரியூசனும். ஆறு மணிக்குப் பிறகு வெளியே நின்றால் ஊர் கேட்கும். ஆனால் ரியூசன் என்று சொன்னால் குருமன்காடு வரைக்கும் போகலாம், ஒரு வகுப்பைத் தவறவிட்டால் ஒன்றரை மணித்தியாலம் கையில் கிடைக்கும். அந்த ஒன்றரை மணித்தியாலத்துக்குள் மன்னார் வீதியில் எங்கே போய்த் திரும்பலாம் என்று நான் உண்மையிலேயே கணக்குப் பார்த்து எழுதுவேன். நெருக்கடி அங்கிருந்தே வந்துவிடும், துரத்தல் காட்சி வேண்டாம்.

ஒரு விசயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். அடுத்த வீட்டு ரகசியத்தைப் பெயர் மாற்றி எழுதாதீர்கள். இந்த ஊரில் பெயரை மாற்றுவது ஒரு மறைப்பே அல்ல. கிணற்றடியில் நிற்கும் மரத்தை வைத்தே வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள். யுத்தம் முடிந்த 2009 இல் நெளுக்குளத்திலும் பம்பைமடுவிலும் படிக்கிற கட்டடங்களே முகாம்களாயின. அங்கு யார் இருந்தார்கள், எதற்காக இருந்தார்கள் என்பதைத் தன் பிள்ளைக்கே சொல்லாமல் கலியாணம் கட்டி வாழ்கிறவர்கள் இங்கே இருக்கலாம். அதைச் சொல்லும் உரிமை அவர்களுடையது. சம்பவத்தை விட்டுவிட்டு அந்த மறைப்பின் காரணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் புதிதாகக் கட்டுங்கள்.

முடிவுதான் எங்களுக்குப் பெரிய இடைஞ்சல். மர்மக்கதை என்றால் கடைசியில் விடை வேண்டும். வவுனியாவில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் வீதியோரம் தொடங்கிய போராட்டத்துக்கு விடையே வரவில்லை. பதினாறு வயதுப் பிள்ளை அதைக் கண்டுபிடித்தாள் என்று எழுதினால் பொய். இதற்கு எனக்கு வழி காட்டியது சியோபன் டௌட் எழுதிய 'பொக் சைல்ட்'. வட அயர்லாந்தில் 1981 உண்ணாவிரதக் காலம். கதை நாயகனான பையனின் அண்ணன் சிறையில். சதுப்பில் கிடைத்த பழங்கால உடல் ஒன்றைச் சுற்றிய மர்மத்துக்கு விடை உண்டு. தன் குடும்பத்தில் ஒருவரைப் பற்றியும் அந்தப் பையனுக்கு ஓர் உண்மை பிடிபடுகிறது. நாட்டுப் பிரச்சினை முடியவில்லை. எழுத்தாளர் 2007 இல் இறந்த பிறகுதான் புத்தகம் வந்தது. 2009 இல் கார்னகி பதக்கம் பெற்றது. சின்னக் கேள்விக்கு விடை கொடு, பெரியதைத் திறந்தே விடு என்ற கணக்கை அங்கேதான் படித்தேன்.

இப்போது எழுதிக்கொண்டிருப்பதில் அப்பம்மா போராட்டக் கொட்டகையில் இருக்கிறாள், மகன் உயிரோடு இருக்கிறான் என்று. பேத்தி லாச்சியைத் திறந்தால் அப்பாவின் மரணச் சான்றிதழ், அம்மா கையெழுத்து வைத்து எடுத்தது. காணாமல்போனவர் என்று பதிந்து சான்றிதழ் வாங்கும் வழி 2016 சட்டத்திருத்தத்துக்குப் பிறகுதான் வந்தது; இது அதற்கு முந்தியது, காணி உறுதிக்காக எடுத்தது. ஏன் எடுத்தாள் என்ற கேள்விக்கு என்னிடம் விடை இருக்கிறது. பேத்தி அந்தச் சான்றிதழைப் பற்றி அப்பம்மாவிடம் சொல்லலாமா என்று பிள்ளைகளிடம் கேட்டேன். சொல்லத்தான் வேண்டும் என்று பாதிப் பேர். மற்றவர்கள் அப்பம்மாவுக்கு எப்பவோ தெரியும் என்றார்கள். இரண்டாவதை நான் யோசித்திருக்கவில்லை. இப்போது முன் அத்தியாயங்களுக்குப் போய், அப்பம்மா அந்த லாச்சியை ஒருநாளும் திறக்காததை அங்கங்கே காட்டி வைத்துக்கொண்டிருக்கிறேன்.