உப்பும் இரத்தக் கொதிப்பும்

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பார்கள். உண்மைதான். ஆனால் அளவு மீறிய உப்பு ஆளையே படுக்கையில் தள்ளிவிடும் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

உப்பில் ஐந்தில் இரு பங்கு சோடியம். இது உடலுக்குத் தேவையான பொருள்தான். தேவைக்கு மேல் சேர்வதைச் சிறுநீரகங்கள் வெளியேற்றுகின்றன. வெளியேற்ற முடியாமல் தங்கும் சோடியம் தண்ணீரையும் தன்னோடு பிடித்து வைத்துக் கொள்கிறது. அதனால் இரத்தத்தின் அளவு கூடுகிறது. குழாய்களின் சுவர்களில் அழுத்தம் ஏறுகிறது. நாளடைவில் இருதயத் தசை தடிக்கிறது, சிறுநீரகம் பழுதாகிறது, மூளையில் இரத்தக் குழாய் வெடிக்கவோ அடைபடவோ செய்கிறது. வாதம் வந்து விழும்வரை பலருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. "எனக்குத் தலைசுற்றல் இல்லையே" என்று இருந்துவிடக் கூடாது. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

பிரேசில் காடுகளில் வாழும் யனோமாமி மக்கள் உணவில் உப்புச் சேர்ப்பதில்லை. அவர்களுக்கு வயது ஏறினாலும் இரத்த அழுத்தம் ஏறவில்லை என்பதை 1988ல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. அமெரிக்காவில் 412 பேருக்கு மூன்று வேறு அளவுகளில் உப்பிட்ட உணவு கொடுத்து ஆராய்ந்தார்கள். 2001ல் வெளியான அதன் முடிவு இது: உப்புக் குறையக் குறைய அழுத்தமும் குறைந்தது. கொதிப்பு இல்லாதவர்களுக்கும் குறைந்தது.

பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்புப் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. நம் வீட்டுக் கணக்கை நாமே பார்க்கலாம். பெரியவர்கள் ஐந்து பேர் உள்ள வீட்டில், சமையலுக்கு மட்டும் எடுக்கும் ஒரு கிலோ உப்பு 40 நாட்களுக்காவது வரவேண்டும். 20 நாட்களில் தீர்ந்தால் இரு மடங்கு உண்கிறோம் என்று பொருள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடை மிக்சர், ரொட்டி இவற்றில் உள்ள உப்பு இந்தக் கணக்கில் வராது!

இல்லத்தரசிகள் கவனிக்க வேண்டியவை:

1. சோறு வடிக்கும்போது உப்புப் போடாதீர்கள். ஆணத்தில் உள்ளதே போதும்.

2. விரிப்பில் உப்புக் கிண்ணம் வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

3. உப்பைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். எலுமிச்சை, புளி, மிளகு, கொத்தமல்லி சுவையை ஈடு செய்யும். சில வாரங்களில் நாக்குப் பழகிவிடும்.

4. இந்துப்பும் கல்லுப்பும் கூடப் பெரும்பாலும் அதே சோடியம் உப்புத்தான். குறைத்துப் போட்டாலும் அயோடின் கலந்ததையே வாங்குங்கள்.

5. பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு நல்லதென்று சொல்லப்படுகிறது. ஆயினும் சிறுநீரக நோயாளிகளுக்கு அது ஆபத்தாகலாம். மருத்துவரைக் கேளாமல் வாங்காதீர்கள்.

ரமளானில் ஸஹர் உணவோடு கருவாடும் ஊறுகாயும் சேர்ந்தால் பகலெல்லாம் தாகம் வாட்டும். நோன்புக் கஞ்சியில் உப்பை அளந்து போடுங்கள். தொட்டுக்கொள்ள வடையும் துவையலும் வரும் என்பதை மறவாதீர்கள்.

உப்பைக் குறைத்தோம் என்று மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. நோன்பு நோற்போர் மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்பதை ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாப்பாவுக்குத் தனிச் சட்டியில் உப்பில்லாமல் சமைத்தால், அவர் பிள்ளைகளின் தட்டைப் பார்த்து ஏங்குவார். வீடு முழுவதும் ஒரே சட்டியில் உப்பைக் குறைத்து உண்டால் அவரும் மனம் நோகாமல் உண்பார். பிள்ளைகளும் நாளை இந்நோய்க்கு ஆளாகும் வாய்ப்புக் குறையும். உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணும் வேலை அடுப்படியிலேயே தொடங்கட்டும்.