கணக்கும் தீர்மானமும்

சங்கரன்கோவில் வட்டாரத்துச் சங்கங்களுக்குத் தணிக்கையின் பொருட்டு நாம் செல்லுமிடங்களில், "கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தால் காரியம் நடக்குமா?" என்று அங்கத்தினர்கள் வினவுவதுண்டு. இவ்வபிப்பிராயத்தில் பாதி உண்மையே இருக்கிறது.

கணக்கின் உபயோகத்தை முதலில் காண்போம். 80-ஆம் நம்பர் நூல் என்பது பவுண்டுக்கு 80 சிட்டா கொண்டது. சிட்டா ஒன்றுக்கு 840 கெஜம். ஆகவே பவுண்டுக்கு 67,200 கெஜம். 46 அங்குல அகலமும் 6 கெஜ நீளமும் உள்ள சேலைக்கு, அங்குலத்துக்கு 80 பாவிழையும் 72 ஊடையிழையும் வைப்போமாயின், பாவுக்கு 22,080 கெஜமும் ஊடைக்கு 19,872 கெஜமும் செல்லும். சேதாரமும் சுருக்கமும் நீங்கலாக எடை சுமார் 283 கிராம். நூல் விலை கிலோவுக்கு 10 ரூபாய் ஏறினால், சேலைக்குக் கூடுவது ஏறக்குறைய 3 ரூபாய் என்பது இதனால் விளங்கும்.

இக்கணக்கை நன்கறிந்த சங்கம் ஒன்று, நூல் விலை இறங்குமென நம்பி நான்கு கூட்டங்கள் நடத்திற்று. காரியதரிசியின் மதிப்பீடு ஒரு பக்கத்திலிருந்து ஆறு பக்கமாக வளர்ந்தது. "இன்னும் இரண்டு இடங்களில் விலை விசாரியுங்கள்" என்று கூறி அதை வளர்த்ததில் நமக்கும் பங்குண்டு. பதினொரு நாள் பாவின்றித் தறிகள் நின்றன. நெசவாளர் இழந்த கூலி அந்த ஆறு பக்கங்களில் எங்கும் காணப்படவில்லை.

1978-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன், 1950-களிலேயே இதனை ஆராய்ந்தார். மனிதனுக்குக் கிட்டும் செய்தியும் காலமும் ஓர் எல்லைக்குட்பட்டவை. ஆதலின் அவன் யாவற்றினும் சிறந்த வழியைத் தேடி முடிப்பதில்லை. இவ்வளவு போதுமென வகுத்துக்கொண்ட அளவை எட்டும் வழி கிடைத்ததும் அதனைக் கைக்கொள்கிறான் என்பது அவர் கருத்து.

நம் மல்லிகை விவசாயிகளுக்கு இதைக் கற்பிக்க வேண்டுவதில்லை. காலையில் பறித்த அரும்பு இரவுக்குள் மலர்ந்துவிடும். நாளைய விலைக்காக அது காத்திராது. எனினும் அவர்கள் கணக்கின்றி நடப்பவர்களல்லர். பறிகூலி, வண்டிக்கூலி, கமிஷன் மூன்றையும் கூட்டி, இன்ன விலைக்குக் கீழே போனால் பறிப்பதில்லையென முன்னதாகவே நிச்சயித்துக்கொள்கிறவர் உண்டு. விடியற்காலையில் அவர் யோசிக்கவேண்டியது மிகச் சொற்பம்.

நூலுக்கும் அவ்வாறு செய்யலாகாதா? மேற்சொன்ன சங்கத்தார் இப்போது நூல் வாங்குமுன் தீர்மானப் புத்தகத்தில் இரண்டு வரி எழுதுகின்றனர்: எந்த விலைக்குள் கிடைத்தால் உடனே வாங்குவது என்பது ஒன்று, விலை எதுவாயினும் எந்தத் தேதிக்குமேல் காத்திருப்பதில்லை என்பது மற்றொன்று. தறிக்காரர் கையிலுள்ள பாவு தீரும் நாளுக்கு ஐந்து நாள் முன்னதாக அத்தேதியைக் குறிக்கின்றனர்.