கீழ்ப்படியில் தொடங்கிய இயக்குநர்

மாடிக்குச் செல்ல விரும்புவோர் முதற்படியை மிதித்தே ஆகவேண்டும். இவ்வுண்மையைத் தம் வாழ்வால் விளக்கியவர், அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் டாரதி ஆர்ஸ்னர் அம்மையார். ஆண்களே கோலோச்சிய ஹாலிவுட்டில், 1930களில் தொடர்ந்து படங்களை இயக்கி வந்த பெண்மணி இவர் ஒருவரே. அந்நிலையை அவர் எவ்வாறு அடைந்தார் என்று காண்போம்.

இளமை

டாரதி 1897ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வளர்ந்தார். அங்கே அவர் தந்தையார் ஓர் உணவு விடுதி நடத்தி வந்தார். நடிகர்கள் பலர் அங்கு உணவருந்த வருவர். ஆயினும் டாரதியின் நாட்டம் மருத்துவத்தின்மேல் இருந்தது. தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவத்துக்கான படிப்பில் சேர்ந்தார். முதல் உலகப் போரின்போது ஆம்புலன்ஸ் படையில் தொண்டாற்றினார். பின்னர், அத்துறை தமக்கு ஏற்றதன்று எனத் தெளிந்து படிப்பை விட்டார்.

கற்ற தொழில்

1919இல், பின்னாளில் பாரமவுண்ட் எனப் பெயர் பெற்ற நிறுவனத்தில் வேலை கேட்டுச் சென்றார். எங்கே தொடங்க விருப்பம் என்று இயக்குநர் வில்லியம் டிமில் வினவினார். டாரதி சில நாள் ஸ்டூடியோவைச் சுற்றிப் பார்த்தார். எல்லாருக்கும் வழிகாட்டுபவர் இயக்குநரே என்பதைக் கண்டுகொண்டார். ஆயினும் அவர் கேட்டது அடிமட்ட வேலையையே. திரைக்கதைகளைத் தட்டச்சு செய்யும் பணி கிடைத்தது.

அச்சிறு பணியே அவருக்குப் பள்ளியாயிற்று. ஒரு கதை காட்சிகளாகப் பிரியும் முறையைத் தட்டச்சு மேசையில் கற்றார். அடுத்துப் படப்பிடிப்பில் காட்சித் தொடர்ச்சியைக் கவனித்துக் குறிப்பெடுத்தார். ஒரு காட்சியில் கையிலிருந்த குடை மறுகாட்சியில் மறைந்துவிடலாகாது அல்லவா? பின்னர்ப் படச்சுருளை வெட்டி ஒட்டும் படத்தொகுப்பாளராகி, ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களைத் தொகுத்தார். 1922இல் வெளிவந்த 'பிளட் அண்டு சாண்ட்' படத்தில், பழைய காளைப்போர்க் காட்சிகளை நடிகர் வாலண்டினோவின் காட்சிகளோடு திறம்பட இணைத்துப் புகழ்பெற்றார்.

உரிமை கேட்டல்

திறமை வளர்ந்தும் இயக்கும் வாய்ப்பு தானாக வரவில்லை. அவ்வாய்ப்பைத் தராவிடில் வேறு நிறுவனத்துக்குச் செல்வதாக டாரதி உறுதியாகக் கூறினார். அவரை இழக்க நிர்வாகத்துக்கு மனமில்லை. 1927இல் அவர் இயக்கிய முதற்படமான 'ஃபேஷன்ஸ் ஃபார் விமன்' வெளிவந்தது.

1929இல் 'தி வைல்ட் பார்ட்டி' என்னும் பேசும்படத்தை இயக்கினார். அக்கால மைக் ஓரிடத்தில் நிலையாக இருக்கும். நடிகை கிளாரா போ தாராளமாக நடமாட இயலாது திணறினார். டாரதி மைக்கைத் தூண்டிற்கோலில் கட்டி நடிகையின் தலைக்குமேல் கொண்டு செல்லச் செய்தார். இன்றைய நீள்கோல் மைக்கிற்கு இது முன்னோடி என்பர்.

1943 வரை படங்களை இயக்கிய அவர், 1960களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் கல்லூரியில் திரைக்கலை பயிற்றுவித்தார். 'காட்ஃபாதர்' படத்தை இயக்கிய கொப்பொலா அவர் மாணவரே. 1979இல் டாரதி மறைந்தார்.

தோழியரே! டாரதி சிறு வேலையை இழிவென எண்ணவில்லை. அதிலேயே தங்கிவிடவும் இல்லை. தொழிலை முற்றக் கற்றார். பின் தமக்குரியதைத் தயங்காது கேட்டார். கற்காமல் கேட்பது வீண். கற்றும் கேளாதிருப்பது இழப்பு. இவ்விரண்டையும் நாம் நெஞ்சில் நிறுத்துவோமாக!