ஆழியை அளக்கும் ஒலி

நுழையும்முன்

கடலின் மேற்பரப்பைக் கண் காணும். அதன் அடித்தளத்தைச் செவிதான் காண வேண்டும். ஒளி புக இயலாத ஆழத்திற்கும் ஒலி எளிதாகச் சென்று மீள்கிறது. மீண்டு வரும் ஒலி சொல்லும் செய்தியைப் பிழையின்றி அறிவது எவ்வாறு? முத்துக்குளித்துறையாகப் புகழ்பெற்ற தூத்துக்குடிக் கடலை முன்வைத்து இவ்வினாவிற்கு விடை தேடுகிறது இப்பாடம்.

கயிறும் கையும்

கொற்கை முத்தின் பெருமையைச் சங்க இலக்கியம் பேசுகிறது. அம்முத்தை ஈன்ற சிப்பிகள் மன்னார் வளைகுடாவின் அடியிலுள்ள பாறைத் திட்டுகளில் ஒட்டி வாழ்பவை. இத்திட்டுகளைக் கடலோர மக்கள் ‘பார்’ என்பர். பார் எங்கே உள்ளது, எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்பவற்றை அறியாமல் முத்துக்குளித்தல் இயலாது. எனவே, கடலை அளக்கும் கலை இக்கரையில் மிகப் பழைமையானது.

இரு கைகளையும் விரித்த நீளம் ஒரு ‘பாகம்’. அஃது ஏறத்தாழ ஆறடி. ஈயக்குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் இறக்கி, நனைந்த பகுதியைப் பாகக் கணக்கில் அளந்து ஆழத்தை அறிந்தனர். கரையில் தெரியும் கோபுரத்தையும் பனையையும் நேர்ப்படுத்தி இடத்தைக் குறித்துக்கொண்டனர். ‘நீவாடு’ எனப்படும் நீரோட்டம் கயிற்றைச் சாய்த்தால், ஆழம் உள்ளதைவிட மிகுதியாகத் தோன்றும். எனவே, கயிறு நேராக நிற்கிறதா என்று பார்த்த பின்னரே அளவைக் கணக்கில் கொள்ள வேண்டும். அளவில் பிழை நேரும் என்பதையும், அப்பிழைக்குக் காரணம் உண்டு என்பதையும் உணர்வதே துல்லியத்தின் முதற்படி.

எதிரொலிக் கணக்கு

இன்று கயிற்றின் இடத்தை ஒலி பிடித்துள்ளது. கப்பலிலிருந்து அனுப்பப்படும் ஒலி கடல்தளத்தில் பட்டுத் திரும்புகிறது. ஒலியின் வேகத்தை, சென்று திரும்பிய நேரத்தால் பெருக்கி, இரண்டால் வகுத்தால் ஆழம் கிடைக்கும். கடல்நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு 1500 மீட்டர் எனக் கொள்வோம். எதிரொலி 0.02 நொடியில் திரும்பினால் ஆழம் 15 மீட்டர்.

கணக்கு எளிது, கடல் எளிதன்று. நீரின் வெப்பமும் உப்பும் அழுத்தமும் மிகுந்தால் ஒலியின் வேகமும் மிகும். 28 பாகை செல்சியசு வெப்பமுள்ள கடல்நீரில் அவ்வேகம் நொடிக்கு 1540 மீட்டரை எட்டும். அவ்வாறாயின் மேற்கண்ட ஆழம் 15 மீட்டர் அன்று, 15.4 மீட்டர். நாற்பது சென்டிமீட்டர் வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால், துறைமுகக் கால்வாயில் கப்பலின் அடிப்பகுதிக்கும் கடல்தளத்திற்கும் உள்ள இடைவெளி சில வேளைகளில் ஒரு மீட்டர் அளவிலேயே இருக்கும். அங்கே நாற்பது சென்டிமீட்டர் என்பது கப்பலின் பாதுகாப்பையே முடிவுசெய்யும் அளவு. ஆகவே, அளவாய்வுக்குச் செல்வோர் அன்றன்று, வெவ்வேறு ஆழங்களில் ஒலியின் வேகத்தை அளந்த பின்னரே ஆழத்தைக் கணக்கிடுகின்றனர்.

ஓதமும் கணக்கில் சேர வேண்டும். தூத்துக்குடியில் உயர் ஓதத்திற்கும் தாழ் ஓதத்திற்கும் இடையிலான வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவே. எனினும், உயர் ஓதத்தின்போது அளந்த ஆழத்தை அப்படியே வரைபடத்தில் எழுதினால், தாழ் ஓதத்தில் வரும் கப்பல் தரைதட்டக்கூடும். ஆதலால், எல்லா அளவுகளும் தாழ் ஓதத்தை ஒட்டிய பொது மட்டத்திற்கு மாற்றப்படுகின்றன.

> தெரியுமா?
> 1826ஆம் ஆண்டு கொலடான், ஸ்டர்ம் ஆகிய இருவரும் ஜெனிவா ஏரியில், நீருக்கடியில் மணியை ஒலிக்கச் செய்து நீரில் ஒலியின் வேகத்தை அளந்தனர். 8 பாகை வெப்பமுள்ள அந்த நன்னீரில் அவர்கள் கண்ட வேகம் நொடிக்கு 1435 மீட்டர்.

தளத்திற்கும் அடியில்

கடல்தளம் வரை அறிந்தால் மட்டும் போதாது. துறைமுகத்தை ஆழப்படுத்த, மணலுக்கடியில் பாறை எங்கே தொடங்குகிறது என்று அறிய வேண்டும். எண்ணெயும் எரிவாயுவும் தேடுவோர்க்குப் பல நூறு மீட்டர் அடியிலுள்ள படிவங்களும் தெரிய வேண்டும். இதற்கு உதவுவதே கடல்சார் நில அதிர்வு அளவாய்வு. அழுத்தப்பட்ட காற்றை நீருக்குள் திடீரென வெளியேற்றி அதிர்வலை எழுப்பப்படுகிறது. அவ்வலை மண்ணையும் பாறையையும் ஊடுருவி, படிவங்கள் மாறும் எல்லைகளில் பட்டுத் திரும்புகிறது. கப்பல் இழுத்துச் செல்லும் நீண்ட வடத்தில் பொருத்தப்பட்ட ஒலிவாங்கிகள் அதனைப் பதிவு செய்கின்றன. மன்னார்ப் படுகையின் இலங்கைப் பகுதியில், இத்தகைய ஆய்வுகளைத் தொடர்ந்து தோண்டப்பட்ட டொராடோ, பாரகுடா கிணறுகளில் 2011ஆம் ஆண்டு இயற்கை எரிவாயு கண்டறியப்பட்டது.

எத்தகைய ஒலியைத் தேர்வது என்பது முதல் சிக்கல். தாழ்ந்த அதிர்வெண் ஆழமாகச் செல்லும். ஆனால், நுட்பமாகக் காட்டாது. உயர்ந்த அதிர்வெண் நுட்பமாகக் காட்டும். ஆனால், ஆழமாகச் செல்லாது. அலைநீளத்தில் கால்பங்கைவிட நெருக்கமான இரு படிவங்களைப் பிரித்தறிவது கடினம். நொடிக்கு 1600 மீட்டர் வேகத்தில் ஒலி செல்லும் மண்ணில், 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 16 மீட்டர். கால்பங்கு 4 மீட்டர். இரண்டு மீட்டர் மணலுக்கடியில் பாறையைத் தேடுவோர்க்கு அது பயன்படாது. 1000 ஹெர்ட்ஸ் அலைக்கு அக்கால்பங்கு 40 சென்டிமீட்டர். துறைமுகப் பணிக்கு இதுவே ஏற்றது.

ஆழமற்ற கடலில் வேறொரு தொல்லையும் உண்டு. தளத்தில் பட்டு மேலெழும் ஒலி, நீர்ப்பரப்பில் மோதி மீண்டும் கீழிறங்கித் திரும்ப வருகிறது. ஒரே தளம் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் எதிரொலிப்பதால், இல்லாத படிவங்கள் இருப்பனபோல் தோன்றும். ஆனால், இம்மீளெதிரொலிகள் ஏறத்தாழச் சம இடைவெளியில் வருபவை. 15 மீட்டர் ஆழத்தில் அவ்விடைவெளி ஏறக்குறைய 0.02 நொடி. இந்த ஒழுங்கைக் கொண்டே கணினி அவற்றை இனங்கண்டு நீக்குகிறது.

பழைய கயிற்றைச் சாய்த்த நீவாடு இன்று ஒலிவாங்கி வடத்தையும் பக்கவாட்டில் ஒதுக்குகிறது. வடம் கப்பலுக்கு நேர்பின்னே இருப்பதாகக் கருதினால், பதிவான எதிரொலி தவறான இடத்தில் குறிக்கப்படும். எனவே, வடத்தின் நிலையைத் திசைகாட்டிகளும் செயற்கைக்கோள் இடங்காட்டிகளும் தொடர்ந்து கணிக்கின்றன.

உரத்த ஒலியா? கூர்ந்த செவியா?

அலையின் ஓசையும் கப்பல் பொறியின் இரைச்சலும் எதிரொலியை மறைக்கின்றன. அனுப்பும் ஒலியை உரக்கச் செய்தால் சிக்கல் தீருமே எனத் தோன்றலாம். ஒலி உரத்தால் மீளெதிரொலியும் உரக்கும். வேகத்தைத் தவறாகக் கொண்டதால் வந்த பிழையோ சிறிதும் குறையாது. மேலும், தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே 21 தீவுகளை உள்ளடக்கிய மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா உள்ளது. பவளப்பாறைகளும், ஓங்கில்களும், ஆவுளியா என்னும் கடற்பசுவும் வாழும் இடம் அது. ஒலியைக் கொண்டே வழியறியும் ஓங்கிலுக்குப் பேரொலி பெருந்துன்பம். ஆகவே, அதிர்வு ஆய்வுகளில் ஒலியைச் சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தி, உயிரினங்கள் விலகிச் செல்ல இடமளிக்கும் நெறி உலகில் பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது.

இதைவிடச் சிறந்த வழி, கேட்கும் முறையைச் செம்மைப்படுத்துவதாகும். ஒரே இடத்திலிருந்து வரும் எதிரொலியை வெவ்வேறு தொலைவுகளில் பலமுறை பதிவு செய்து, நேர வேறுபாட்டைச் சரிசெய்து, ஒன்றாகக் கூட்டும் முறையை அமெரிக்கரான ஹாரி மேய்ன் 1950களில் நிலைபெறச் செய்தார். எதிரொலிகள் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. ஒழுங்கற்ற இரைச்சல்கள் ஒன்றையொன்று பெரிதும் குறைத்துவிடுகின்றன. பதினாறு பதிவுகளைக் கூட்டினால், இரைச்சலோடு ஒப்பிட எதிரொலி நான்கு மடங்கு தெளிவு பெறும். ஒவ்வொரு முறையும் எழுப்பும் ஒலியை நான்கு மடங்கு உரக்கச் செய்யாமலேயே இத்தெளிவு கிட்டுகிறது.

சான்று தேடும் அறிவு

இத்தனை திருத்தங்களுக்குப் பின்னும் அதிர்வுப் படம் ஓர் ஊகமே. ஓரிடத்தில் துளையிட்டு எடுத்த மண்ணும் பாறையும் அப்படத்தோடு பொருந்தும்போதுதான் அது நம்பிக்கைக்கு உரியதாகிறது. பொருந்தாவிடில் திருத்த வேண்டியது படத்தையே. முற்காலத்தில் பார்களை ஆய்ந்தோர் கயிற்றின் அளவோடு நின்றுவிடவில்லை. குளியாளை இறக்கிச் சிப்பிகளை எடுத்து வரச் செய்து உறுதிப்படுத்தினர். கருவிகள் மாறினும் அந்நெறி மாறவில்லை. தன் அளவில் எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்பதையும் சேர்த்துக் கூறும் ஆய்வே மாலுமிக்கும் மீனவர்க்கும் கடல்வாழ் உயிர்க்கும் பயன் தரும்.

கற்பவை கற்றபின்

1. எதிரொலி 0.03 நொடியில் திரும்புகிறது. ஒலியின் வேகம் நொடிக்கு 1500 மீட்டர் எனவும் 1540 மீட்டர் எனவும் கொண்டு ஆழத்தைக் கணக்கிட்டு, வேறுபாட்டை வகுப்பில் விளக்குக.
2. உங்கள் பகுதியில் வழங்கும் பழைய அளவைப் பெயர்களையும் அவற்றின் பயன்பாட்டையும் முதியோரிடம் கேட்டுத் தொகுக்க.
3. ‘வளர்ச்சிப் பணிகளும் கடல்வாழ் உயிர்களும்’ என்னும் தலைப்பில் கலந்துரையாடுக.